இரண்டு திரை, இரண்டு தாளம்

கணினிக்கு இரண்டாவது திரை வைப்பதெல்லாம் இப்போது ஆடம்பரம் இல்லை. கணக்கு எழுதுபவருக்கு ஒரு பக்கம் டேலி, இன்னொரு பக்கம் எக்செல். பங்குச்சந்தைக்காரருக்கு ஒரு பக்கம் சார்ட், இன்னொரு பக்கம் ஆர்டர். தொல்லை எப்போது ஆரம்பிக்கிறது என்றால், பழைய திரையைத் தூக்கிப் போட மனசு வராமல் அதன் பக்கத்திலேயே புதுத் திரையைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான். பழசு நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். புதுசு 144 முறை. தனித்தனியாக இரண்டும் நல்ல பிள்ளைகள். சேர்த்து வைத்தால் சண்டை. மவுஸ் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், மறு பக்கம் தத்தித் தத்திப் போகும். பழைய திரையில் ஒரு வீடியோவைப் போட்டால் புதுத் திரையில் ஓடுகிற விளையாட்டு திக்கும்.

கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்து தரும் ஒரு தம்பி இந்த வலையில் மாட்டினார். பல வருடம் உழைத்த 60 ஹெர்ட்ஸ் திரைக்குப் பக்கத்தில், செகண்ட் ஹேண்டில் கிடைத்த 144 ஹெர்ட்ஸ் திரையை வைத்தார். அன்றிலிருந்து, கேமரா நாதஸ்வரக்காரரிடமிருந்து மெதுவாக நகர்ந்து மணமேடைக்குத் திரும்புகிற காட்சி வெட்டி வெட்டிப் போகிறது. ஷூட்டிங்கில் கை ஆடிவிட்டதோ என்று கேமராக்காரரோடு வாக்குவாதம். பிறகு எக்ஸ்போர்ட்டில் தப்போ என்று மூன்று இரவு கண் விழித்து மூன்று தடவை திரும்ப எடுத்தார். பெண் வீட்டிலிருந்து "எப்ப தம்பி தருவீங்க?" என்று தினமும் போன். கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

"அண்ணே, ரெண்டு ஸ்கிரீன் போட்டதுலேர்ந்து வீடியோ திக்குது."

"கார்டு தாங்கல தம்பி. வேற கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடும்."

"எவ்வளவு ஆகும்ண்ணே?"

"இருபதாயிரத்துக்குள்ள பார்த்துக்கலாம்."

இருபதாயிரம் அவர் கையில் இருந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு வாங்கிய அட்வான்ஸ் அது. அதிலிருந்துதான் ட்ரோன்காரருக்குக் கொடுக்க வேண்டும், ஆல்பம் அச்சடிக்க வேண்டும். வணிகவியல் வகுப்பில் நடைமுறை மூலதனம் என்று நடத்துவார்களே, அதேதான். அதை எடுத்து நிலைச் சொத்தில் போட்டால் என்ன ஆகும் என்று பரீட்சையில் கேட்டால் நாம் அழகாக எழுதிவிடுவோம். அவருக்கோ அது அடுத்த கல்யாணத்தை ஒப்புக்கொண்டபடி முடித்துக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி.

கடைக்காரர் ஏமாற்றப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. திக்கினால் கார்டு என்பது கடைகளில் வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் காசில்லாத சோதனை ஒன்று இருந்தது. அந்த ஃபைலைப் பென் டிரைவில் போட்டு வீட்டு டிவியில் ஓட்டிப் பார்ப்பது. தம்பி அதைச் செய்ததுகூடத் தற்செயலாகத்தான், அம்மா பார்க்க ஆசைப்பட்டதால். டிவியில் அதே காட்சி தண்ணீர் போல ஓடியது. ஆக, ஃபைலில் குற்றமில்லை. கேமராக்காரர் கையிலும் இல்லை (பாவம், அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று).

அப்புறம் எங்கேதான் குற்றம்? கணக்கில்.

நம் ஊரில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதை ஒட்டி வந்த பழைய டிவி முறையில் நொடிக்கு 25 படம். மண்டபத்து ட்யூப் லைட்டில் படம் மினுக்கக் கூடாது என்பதற்காக இன்றும் பல கேமராக்காரர்கள் 25-இல்தான் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் கரண்ட் 60. அவர்கள் டிவியும் 60-ஐப் பிடித்துக்கொண்டது, கணினித் திரையும் 60-இல் நிலைத்துவிட்டது. (1953-இல் கலர் டிவிக்காக அதையும் 59.94 என்று ஒரு சிட்டிகை குறைத்தார்கள். விண்டோஸ் பட்டியலில் 60-க்குப் பக்கத்தில் 59.94 என்று நிற்பது அந்தக் கணக்கின் மிச்சம்தான்.) 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. ஒரு படத்தை 2.4 தடவை காட்ட எந்தத் திரைக்கும் தெரியாது. அதனால் ஒன்றை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டும். மணமக்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சியில் இது தெரியவே தெரியாது. கேமரா மெதுவாக நகரும்போது கண் பிடித்துவிடும். 144-ஐ 25-ஆல் வகுத்தால் 5.76, ஐந்தும் ஆறுமாக வரும். இது கொஞ்சம் தேவலை. அதாவது, பழைய திரையில் இந்த வெட்டல் இத்தனை வருடமாக இருந்ததுதான். பக்கத்தில் ஒப்பிட ஒன்று வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

இது பாதிக் கதை. மீதிப் பாதி, இரண்டு திரையும் சேர்ந்து செய்யும் கூத்து. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 16.7 மில்லி நொடிக்கு ஒரு படம் வேண்டும், 144-க்கு 6.9 மில்லி நொடிக்கு ஒன்று. பள்ளியில் படித்த மீ.பொ.வ. போட்டுப் பாருங்கள், 12 வரும். நொடிக்கு 12 தடவைதான் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அடி விழும், அதுவும் இரண்டும் துல்லியமாக ஓடினால். ஆதி தாளத்துக்கு ஒருவரும் மிச்ர சாபுக்கு ஒருவரும் ஆட, ஒரே தவில்காரர் இரண்டு பேருக்கும் வாசிக்கிற நிலைமை. விண்டோஸில் அந்தத் தவில்காரருக்கு டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்று பெயர். விண்டோஸ் 10-இன் பழைய பதிப்புகளில், மெதுவான திரையில் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் வேகமான திரையும் சேர்ந்து இழுபடும். 2020 மே மாதம் வந்த 2004 என்ற பதிப்பில்தான் இது பெருமளவு சரியானது. (2004 என்பது வருடம் இல்லை. 20-ஆம் ஆண்டு, 04-ஆம் மாதம் என்று கணக்காம். பெயர் வைத்தவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் :-))

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவையே மைக்ரோசாப்ட் 2025 அக்டோபரில் முடித்துவிட்டது. ஆனால் ஸ்டூடியோக்களில் "அப்டேட் பண்ணா எடிட்டிங் சாஃப்ட்வேர் போயிடும்" என்று பயந்து, பழைய பதிப்பையே பூட்டிவைத்து ஓட்டுகிற கணினிகள் உண்டு. தம்பியுடையதும் அந்த ரகம். லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். எக்ஸ்11-இல் இரண்டு திரையையும் ஒரே பெரிய திரையாகத்தான் எடுத்துக்கொள்ளும், அங்கேயும் இதே வம்பு வரும். வேலாண்டில்தான் ஒவ்வொரு திரைக்கும் அதனதன் தாளம்.

கணினிப் பெட்டியின் பின்பக்கம் இன்னொரு வேடிக்கை இருந்தது. புதுத் திரையின் ஒயர் கிராபிக்ஸ் கார்டில், பழையதின் ஒயர் மதர்போர்டில். கை எட்டிய ஓட்டையில் சொருகிவிட்டார்கள். இப்படி இருந்தால் இரண்டு வெவ்வேறு சிப்புகள் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு, படத்தை ஒன்றுக்கொன்று நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். திக்காமல் என்ன செய்யும்? இரண்டு ஒயரும் கார்டிலேயே இருக்க வேண்டும். ஒயரிலும் ஒரு கண் வையுங்கள். பல மானிட்டர்களில் டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் 144 முழுசாக வரும், எச்டிஎம்ஐ வழியாகப் போனால் அதற்குக் கீழேயே நின்றுவிடும். இன்னும் கொடுமை, 144 திரை வாங்கி, செட்டிங்ஸைத் திறந்தே பார்க்காமல் மாதக்கணக்கில் 60-இல் ஓட்டுபவர்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போனால் எந்தத் திரை எத்தனையில் ஓடுகிறது என்று தெரியும், மாற்றவும் செய்யலாம்.

அந்த இடத்தில்தான் தம்பியின் இருபதாயிரம் பிழைத்தது. புதுத் திரையின் பட்டியலில் 144-க்குக் கீழே 120, 100, 60 எல்லாம் இருந்தன. 100-ஐ எடுத்தார். பழைய திரையின் பட்டியலில் 50 இருந்தது. 100-ஐ 25-ஆல் வகுத்தால் நான்கு, 50-ஐ வகுத்தால் இரண்டு, மீதியே இல்லை. 100-க்கும் 50-க்கும் இடையிலும் சண்டை இல்லை, ஒன்று மற்றதில் சரிபாதி. நாதஸ்வரக்காரரிடமிருந்து மணமேடை வரை கேமரா ஒரே சீராகப் போனது. ஒயரை இடம் மாற்றி, சனிக்கிழமை இரவு நான்கு மணி நேரம் உட்கார்ந்து விண்டோஸையும் புதுப்பித்தார் (பயந்தபடி சாஃப்ட்வேர் ஒன்றும் போகவில்லை). செலவு பூஜ்யம்.

50 ஹெர்ட்ஸ் என்றதும் கண் வலிக்குமே என்று சிலர் கேட்பார்கள். அது பழைய குண்டுத் திரை காலத்துப் பயம். அதில் படம் ஒவ்வொரு தடவையும் மங்கி மங்கி எரியும், அதனால்தான் 75, 85 என்று ஏற்றி வைத்தார்கள். எல்சிடியில் அடுத்த படம் வரும்வரை இந்தப் படம் அப்படியே நிற்கும். மவுஸ் மட்டும் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். பட்டியலில் இல்லாத எண்ணை கார்டின் கண்ட்ரோல் பேனலில் சேர்த்துப் பார்க்கலாம். திரை ஏற்காமல் கறுத்துப்போனால் பதறி எதையும் அமுக்காதீர்கள், சற்றுப் பொறுத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

வீடியோ வேலை இல்லாதவர்களுக்கு 120-உம் 60-உம் போதும், 24 குறைகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். சில கார்டுகள் 144-உம் 60-உம் சேர்ந்திருந்தால் சும்மா இருக்கும்போதுகூட மெமரியை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும். 120-க்கு இறக்கினால் அதில் பலவும் அடங்கும், கரண்டும் மிச்சம். பிரவுசரில் வீடியோ ஓடும்போது மட்டும் திக்கினால், பிரவுசர் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை ஒரு தடவை அணைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாது.

இத்தனையும் செய்த பிறகும் திக்கினால், ஒரு திரையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள் வேலை பாருங்கள். ஒற்றைத் திரையிலும் அதே திக்கல் இருந்தால், அப்போது கார்டு விலையை விசாரிக்கலாம்.