செமிகோலனுக்குப் பின்னால் ஓர் இடைவெளி

"சார், என் கம்ப்யூட்டர்ல கிளை பேரு வரவே மாட்டேங்குது. போன வாரம் சேர்ந்த பொண்ணுக்கு மட்டும் வருது."

பயிற்சி நிலையத்து மேடம் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுச் சொன்னார். விஷயம், அந்த நிலையத்துக்கு நான் செய்துகொடுத்த புது விண்ணப்பப் படிவம். முகப்புப் பக்கத்தில் கிளையைத் தேர்ந்தெடுத்தால் என் ஸ்கிரிப்ட் அதைக் குக்கியில், அதாவது பிரவுசர் வைத்துக்கொள்ளும் ஒரு சின்னக் குறிப்பில், போட்டு வைக்கும். விண்ணப்பப் பக்கத்தில் அந்தக் குக்கியைப் படித்து, மறைந்திருக்கும் ஒரு பெட்டியை நிரப்பிப் படிவத்தை அனுப்பும். பாதிப் படிவங்கள் கிளை காலியாகவே வந்து சேர்ந்தன.

"எனக்கு வருதே மேடம்" என்றேன். எங்கள் தொழிலில் அதிகம் சொல்லப்படும் வாக்கியம் அதுதான். நான் ஒவ்வொரு முறையும் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என் குக்கியைத் தவிர வேறெதுவும் இருக்காது.

நேரில் போய் அவர் கணினியில் கன்சோலைத் திறந்து, டாக்குமென்ட்.குக்கி என்ன தருகிறது என்று பார்த்தேன். முதலில் யாரோ ஒருவருடைய குக்கி. பிறகு செமிகோலன். பிறகு ஓர் இடைவெளி. அதற்குப் பிறகுதான் என்னுடையது. அந்த முதல் குக்கி, வருகையாளர்களை எண்ணும் ஒரு சேவை போட்டது. சேவையைப் போன மாதமே எடுத்துவிட்டோம். அது போட்டுவிட்டுப் போன குக்கி பழைய ஆட்களின் பிரவுசரில் அப்படியே உட்கார்ந்திருந்தது. என் கோட் செமிகோலன் வரும் இடத்தில் வெட்டிப் பெயரை ஒப்பிட்டது. வரிசையில் முதலில் நின்றால் பெயர் சுத்தமாக வரும். இரண்டாவதாக நின்றால் தலையில் ஓர் இடைவெளியோடு வரும், பெயர் பொருந்தாது. பழையவர்களுக்குக் கோளாறு, புதியவர்களுக்கு இல்லை என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஓரத்து இடைவெளியை நறுக்கும் ட்ரிம் என்று ஒரு சொல் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் இந்த இடைவெளியை அங்கே யார் வைத்தது? அன்றிரவு பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தேன்.

2011 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற இணைய விதி ஆவணம் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது: இரண்டு குக்கிகளுக்கு நடுவே ஒரு செமிகோலன், ஓர் இடைவெளி. வரிசைக்கும் அதில் வழி சொல்லியிருக்கிறது. பாதை நீளமானது முன்னால். பாதை சமமென்றால் முன்பே பிறந்தது முன்னால். மேடத்தின் பிரவுசரில் நடந்தது அதுதான். ஆனால் இந்த ஆவணம் நடைமுறையில் இருந்ததைத்தான் எழுதி வைத்தது. இன்னும் பின்னால் போனால், அந்தக் கால பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பின் பழைய குறிப்பு கிடைக்கிறது. அதன் உதாரணத்தில் வாடிக்கையாளர் பெயர் வைல் ஈ. கயோட்டி. ரோட் ரன்னரைத் துரத்தித் துரத்திப் பாறையில் மோதும் அதே கார்ட்டூன் விலங்கு! அவர் வாங்கும் பொருள் ராக்கெட் லாஞ்சர். பெயருக்கும் ராக்கெட்டுக்கும் நடுவே, அதோ, செமிகோலனும் இடைவெளியும்.

குக்கி பிறந்தது 1994 ஜூனில். நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொன்டுல்லிக்கு வந்த யோசனை. எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக இணையக் கடை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பாதியில் நிற்கும் கொள்முதல்களை எங்கள் சர்வரில் சேர்த்து வைக்க மாட்டோம் என்றது எம்சிஐ. அப்படியானால் வாங்குபவரின் கணினியிலேயே வைத்துவிடலாம் என்றார் மொன்டுல்லி. பெயரை மட்டும் அவர் உருவாக்கவில்லை. 'மேஜிக் குக்கி' என்ற சொல் யூனிக்ஸ் ஆட்களிடம் முன்பே புழங்கியது; 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. கோயில் வாசலில் செருப்பை விட்டால் தருவார்களே டோக்கன், அதுபோலத்தான். அதில் எழுதியிருக்கும் எண் நமக்கு எதையும் சொல்லாது, திருப்பிக் கொடுத்தால் நம் செருப்பு வரும். நம்மிடம் தரும் டோக்கனை நானே பிரித்துப் படிக்கப் போனதுதான் வினை.

ஒரு விஷயம் மட்டும் சிரிக்க வைத்தது. குக்கி வெளி உலகில் முதன்முதலில் செய்த வேலை, நெட்ஸ்கேப் தளத்துக்கு வருபவர் ஏற்கெனவே வந்தவரா என்று பார்ப்பது. என் கோளாறும் முப்பது ஆண்டு கழித்து அதே பிரிவினையைத்தான் செய்துகொண்டிருந்தது.

மறுநாள் இன்னொரு வம்பு. கிளை வந்தது, படிவம் போகவில்லை. 'சப்மிட் ஒரு ஃபங்ஷன் இல்லை' என்றது கன்சோல். பட்டனுக்கு முந்தின நாள்தான் யாரோ சப்மிட் என்றே புதுப் பெயர் வைத்திருந்தார்கள். (நான்தான்.) அதே பெயரில் படிவத்துக்குள் இருந்த அனுப்பும் கட்டளையை அந்தப் பட்டன் மறைத்துக்கொண்டது. பெயரை மாற்றினேன், போனது.

மேடத்துக்குப் போன் போட்டேன்.

"என்ன சார் பிரச்சினை?"

"ஒரு ஸ்பேஸ்தான் மேடம்."

"அப்பவே நெனச்சேன். இந்தக் கம்ப்யூட்டர்ல இடமே இல்ல சார், புது ஹார்ட் டிஸ்க் கேட்டு ஒரு வருஷமாச்சு."