சிறப்பு என்னும் அடைமொழி

கும்மிடிப்பூண்டியில் முகாம் என்பது ஒரு முகவரி. 1990-இல் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்க்காக அமைந்த முகாமில் பிறந்த பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். தலைக்கணக்கு எடுக்கும் நாளில் சிலர் கல்லூரிக்கு வருவதில்லை. காரணம் நமக்குத் தெரியும். 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. நல்ல மாற்றமே. ஆனால் அவ்வீடுகளில் தணிந்த குரலில் மட்டுமே சொல்லப்படும் வேறொரு பெயர் உண்டு: சிறப்பு முகாம்.

தமிழ் பயிற்றுவிக்கும் நாம் அடைமொழிகளை ஐயுறக் கடமைப்பட்டவர்கள். 'சிறப்பு' இங்கே எதைச் சிறப்பிக்கிறது? வெளிநாட்டவர் இன்ன இடத்தில்தான் தங்கவேண்டும் என ஆணையிடும் அதிகாரத்தை 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு வழங்கியது. 'தங்குதல்' என்ற அந்த மென்மையான சொல்லே பூட்டிய கதவாயிற்று. வேலூர்க் கோட்டை, நம் மாவட்டத்துப் பூந்தமல்லி, செங்கல்பட்டு, திருச்சி என இடங்கள் மாறின. பிணை பெற்றவரும் தண்டனை முடித்தவரும் அங்கே அடைக்கப்பட்டனர். நீதிமன்றத் தீர்ப்பால் அமைந்த சிறை அன்று அது. எனவே விடுதலை நாள் என்று ஒன்றும் குறிக்கப்படவில்லை.

சாந்தனை எண்ணிப் பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் மரண தண்டனை விதித்த 26 பேரில் ஒருவர். 2014-இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. சிறைவாயிலைக் கடந்தவர் சென்று சேர்ந்த இடம் திருச்சி சிறப்பு முகாம். நோய் முற்றியது. நாடு திரும்புவதற்கான ஆணை, இறப்பதற்குச் சில நாள் முன்னர்தான் வந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். யாழ்ப்பாணத்தில் காத்திருந்த தாயிடம் உடல்தான் போய்ச் சேர்ந்தது.

அவர்மீதான குற்றம் பற்றி நம்மிடையே கருத்து வேறுபடலாம். மனித உரிமைச் சட்டம் அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. 1979-இல் இந்தியா ஏற்ற குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, இழிவுபடுத்தும் நடத்துகையை விலக்கின்றித் தடை செய்கிறது. சுதந்திரம் இழந்த எவரையும் மாண்புடன் நடத்தச் சொல்கிறது. அடைத்துவைக்கும் இடத்தின் பெயரை அது கேட்பதில்லை. 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு தெளிவைச் சேர்த்தது: கொடுமையை அளக்கும்போது அதற்கு ஆளானவரின் வயதையும் உடல்நிலையையும் பார்க்கவேண்டும். நலமுள்ளவர் பொறுத்துக்கொள்ளும் அறை, நோயாளிக்கு வதையாகலாம். 1981-இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இத்தகைய நடத்துகை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு முரண் என்றது. எனினும் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்ட இந்தியா, அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

1946-ஆம் ஆண்டுச் சட்டம் 2025-இல் நீக்கப்பட்டு, புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டவரின் இருப்பிடத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதிலும் தொடர்கிறது. இம்மண்ணில் பிறந்து நம்மிடம் இலக்கணம் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் இன்றும் வெளிநாட்டவரே. ஒரு வழக்கு, ஓர் ஆணை போதும். அந்த அடைமொழி அவர்கள் பெயரோடும் ஒட்டிக்கொள்ளும். சிறையைச் சிறை என்று சொல்லும் நேர்மையாவது நம் மொழியிடம் இருக்கட்டும். அப்போதுதான் அதற்குள் இருப்பவர் எத்தனை நாளாய், எந்தத் தீர்ப்பினால், எந்த உடல்நிலையில் இருக்கிறார் என்று கேட்க நமக்கு வாய் வரும்.