வாற்றுக் கணக்கு

விளையாட்டுக்கென ஒரு பொருளை வாங்குவதற்கு நியாயம் கற்பிக்க வேண்டிய நிலை வன்னியில் இன்னும் மறைந்துவிடவில்லை. உழவு இயந்திரத்துக்கும் நீரிறைக்கும் மோட்டருக்கும் எவரும் காரணம் கேட்பதில்லை. கணினியில் விளையாட வரைகலை அட்டை வேண்டும் என்றாலோ வீடே கூடி விசாரிக்கும். காலபோக அறுவடையின் பின் கிளிநொச்சியிலுள்ள என் தமக்கை வீட்டில் இத்தகைய விசாரணையொன்று நிகழ்ந்தது. மருமகன் பம்பைமடுவிலே, வவுனியாப் பல்கலைக்கழகத்திற் பயில்பவன். "படிப்புக்கு உதவும் எண்டு சொல்லுங்கோ மாமா" என்று என்னை இரகசியமாக வேண்டினான். நான் உடன்படவில்லை. விளையாடுவதற்காகவே வாங்குகிறான், அதிற் குற்றம் யாது? ஆயினும், நெல் விற்ற காசு ஒரு மாரிக்குள் பழுதாகிவிடும் பொருளிற் போய்விடலாகாது என்பதில் நான் அத்தானின் பக்கமே நின்றேன்.

எம் வயதினர்க்கு மின்சாரம் எண்ணிச் செலவிடும் பண்டமாக இருந்தது. 1990இன் பின்னர் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலையமைப்பின் மின்சாரம் கிட்டவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்டோம். அந்த டைனமோ தரக்கூடியது ஏறத்தாழ 3 வாற்று. மருமகன் முதலில் விரும்பிய ஆர்.எக்ஸ். 580 அட்டை உண்பதோ 185 வாற்று. அதற்கு 62 சைக்கிள்கள் வேண்டும் என்றேன். அவன் சிரித்தான்; அத்தான் சிரிக்கவில்லை.

அவனுடையது ஓர் அலுவலகம் கழித்த பழைய கணினி. அதனுள்ளிருக்கும் பவர் சப்ளை 240 வாற்று மட்டுமே தரும். அட்டைக்கெனத் தனி வயர் அதிலில்லை. தாய்ப்பலகையின் பொருத்துவாய் வழியாக ஓர் அட்டை பெறத்தக்கது அதிகபட்சம் 75 வாற்று. அதற்கு மேற்பட்ட எந்த அட்டையை வாங்கினாலும் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும்; அலுவலகக் கணினியின் ஒடுங்கிய பெட்டிக்குப் பொதுவான பவர் சப்ளை பொருந்தாதாயின் பெட்டியையும் மாற்ற வேண்டிவரும். மலிவான அட்டை என்பது இவ்வாறுதான் வீட்டுக்கு வந்தபின் விலையேறுகிறது.

"மாமா, எட்டு ஜீ.பி. நினைவகம் இருக்கு. ஏன் வேண்டாம் எண்டுறியள்?"

நேர்மையான கேள்வி. புதிய விளையாட்டுகள் பலவற்றுக்கு நான்கு ஜீ.பி. போதாது; காட்சி தடக்கித் தடக்கியே நகரும். ஆனால் 2017இல் வந்த அந்த அட்டை இன்று குறைந்த விலைக்குக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. எதீரியம் என்னும் எண்ணிம நாணயத்தை ஈட்டுவதற்காக உலகெங்கும் இத்தகைய அட்டைகள் இரவுபகலாக ஓடின. 2022 செப்ரெம்பர் 15இல் அந்நாணயம் தன் முறைமையை மாற்றிக்கொள்ளவே, அவை வேலையிழந்து சந்தைக்கு வந்தன. விசிறி தேய்ந்து, வெப்பப் பசை உலர்ந்த ஓர் அட்டை எமது சித்திரை வெயிலையும் செம்மண் புழுதியையும் எத்தனை நாள் தாங்கும்? பழுதானால் ஏ9 வீதியால் கொழும்புக்கு ஓரிரவுப் பயணம். போய்ச் சேர்ந்தாலும், பயன்படுத்திய பொருளுக்கு உத்தரவாதம் ஏது?

என்னைக் கேட்டால், மலிவு அட்டைகளுட் சிறந்தது 2021இல் வந்த ஆர்.எக்ஸ். 6600. எட்டு ஜீ.பி. நினைவகமும் 132 வாற்றுமாக, வேகத்துக்கும் மின்செலவுக்கும் நல்ல பொருத்தமுடையது. ஆயின் விலை? 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360. 200 டொலர்ப் பொருளொன்று 40,000 ரூபாவிலிருந்து 72,000 ஆகியது. பின்னர் ரூபா சற்றே தலைநிமிர்ந்தும் பழைய விலை திரும்பி வரவில்லை. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரீ. என்பதை நண்பரொருவர் பரிந்துரைத்தார். அது நான்கு தரவுப் பாதைகளையே பயன்படுத்துவதால், பழைய தாய்ப்பலகையில் மேலும் தளரும். பேச்சை அத்துடன் விட்டோம்.

எஞ்சியது 2019இல் வந்த ஜீ.ரீ.எக்ஸ். 1650. நான்கு ஜீ.பி. மட்டுமே, புத்தம்புதிய விளையாட்டுகளை அவன் பெரிதும் மறக்க வேண்டியதுதான். ஆனால் 75 வாற்றுடன், தனி வயர் வேண்டாத குட்டை வகையும் அதிலுண்டு. வவுனியாக் கடையொன்றிற் பயன்படுத்தியது கிடைத்தது. காசு கொடுக்குமுன் அங்கேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டு, வெப்பநிலையைப் பார்த்து, விசிறியிற் செவி வைத்துக் கேட்டோம். கடைக்காரர் முகஞ் சுளித்தார், சுளிக்கட்டும். மிச்சக் காசில் யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கினோம். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்க்கு அது ஆடம்பரமன்று.

வீட்டில் அத்தான் கேட்டது ஒன்றே: மாதம் எத்தனை அலகு? நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் விளையாடினால் அட்டைக்கு மாத்திரம் ஏழு அலகுக்குச் சற்றுக் குறைவு, மற்றைய உறுப்புகளும் திரையும் சேர அது இருமடங்கைத் தாண்டும் என்றேன். குறித்த படிகளைக் கடந்தால் அலகின் விலையே உயரும் என்பது அவர் அறியாததன்று. மின்பட்டியலை எடுத்துவந்து நெடுநேரம் பார்த்தார்.

"சரி. மோட்டர் ஓடேக்கை மட்டும் உதைப் போடாதை" என்றார் மகனிடம்.