இரண்டில் ஒன்று நின்றால்...

எலவனாசூர்கோட்டைக்காரர்களுக்கு ஆகாய விமானம் முற்றிலும் அந்நியமன்று. பக்கத்து உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. ஆனால் எங்கள் வீட்டுக்குள் விமானத்தைக் கொண்டுவந்தவர் என் ஆயாதான். 'பத்ரகாளி' படத்தைக் கொட்டகையில் பார்த்தவர் அவர். "அந்தப் பொண்ணு ஏரோப்பிளான்ல போய்ச் சேந்துடுச்சிடா" என்று இன்றும் அங்கலாய்ப்பார்.

உண்மைதான். 1976 அக்டோபர் 12-ஆம் நாள் பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானத்தில், மேலெழுந்த சற்று நேரத்தில் வலப்பக்க எஞ்சின் உடைந்தது. பம்பாய்க்கே திரும்பினார்கள், ஓடுதளத்தை எட்டுமுன் விழுந்தார்கள். நடிகை ராணி சந்திரா உட்பட 95 பேரும் மாண்டனர்.

"இன்னொரு எஞ்சின் இருந்துச்சே தம்பி, அது என்னா பண்ணுச்சி?" என்று அப்பா கேட்டார். இயற்பியல் படிப்பவனிடம் கேட்கவேண்டிய கேள்வியல்லவா!

காரவெல்லின் எஞ்சின்கள் வாலருகே, உடலை ஒட்டியே இருந்தன. ஒன்று நின்றாலும் மற்றது சமாளிக்கும். அன்று சிதறிய துண்டுகள் எரிபொருள் குழாயை அறுத்தன, தீப்பற்றியது, கட்டுப்பாட்டுக்கான ஹைட்ராலிக் எண்ணெயும் தீயில் போயிற்று. மிஞ்சிய எஞ்சின்மேல் குற்றமில்லை.

சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களின் கதை வேறு. அவற்றின் எஞ்சின்கள் பெரும்பாலும் இறக்கைகளில், உடலைவிட்டுத் தள்ளி இருக்கின்றன. வகுப்பில் படித்த திருப்புத்திறன் நினைவிருக்கிறதா, நண்பர்களே? விசை அதேதான், தொலைவு கூடினால் திருப்பம் கூடும். இடப்பக்க எஞ்சின் நின்றால் வலப்பக்கத்தது விமானத்தை இடப்பக்கமே திருப்பிவிடும். விமானி காலால் சுக்கானை அழுத்தி நேராக்க வேண்டும். வேகம் போதாவிட்டால் சுக்கானுக்குப் பிடிப்பில்லை. அந்த எல்லையை வேகமானியில் சிவப்புக் கோடாகவே வரைந்திருக்கிறார்கள்.

அப்பா ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர். "ஒத்த மாடு படுத்துட்டா வண்டி அந்தப் பக்கமே சுத்தும்" என்றார். இரண்டு பக்கப் பாடம் ஒரே வரியில் முடிந்தது!

பாதிப் பலம் போனால் ஏறும் திறனும் பாதிதானே போகும்? இல்லை, ஐந்தில் நான்கு பங்கோ, அதற்கு மேலோ போய்விடும். இது எனக்கு எங்கள் வீட்டுக் கணக்கில்தான் விளங்கிற்று. இருவர் ஆளுக்கு 400 ரூபாய் கூலி வாங்குகிறார்கள், செலவு 300, மிச்சம் 500. ஒருவர் நின்றால் மிச்சம் 100. விமானம் விழாமல் பறக்க ஆகும் பலம்தான் அந்த 300. மிச்சத்தில்தான் மேலே ஏறமுடியும். எங்கள் வீட்டில் கல்லூரிக் கட்டணமும் மிச்சத்திலிருந்துதான் வரவேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் பாரத்தோடு விழுந்து இடுப்பொடிந்ததிலிருந்து அப்பா வேலைக்குப் போவதில்லை. அம்மாவின் கூலி ஒன்றுதான்.

நின்ற எஞ்சினின் விசிறி காற்றில் வெறுமனே சுழன்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே அதன் இலைகளைக் காற்றுக்கு ஓரம் காட்டும்படி திருப்பி நிறுத்திவிடுவார்கள் என்றேன்.

"செத்த மாட்ட நுகத்துலேர்ந்து அவுத்துடணும். இல்லன்னா இருக்கற மாடும் சாவும்" என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, "நின்னுபோனது சும்மா கெடந்தாலே ஒத்தாசதான், இல்ல?" என்றார். என்னால் பேசமுடியவில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. வேகம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கி விமானம் புரளத் தொடங்கினால், நல்ல எஞ்சினின் விசையையும் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்க்க வேண்டும். உயரம் போதாதென்றால் நேரெதிரே கிடைத்த வயலில் இறங்கிவிட வேண்டும். நல்ல எஞ்சினை மேலும் மேலும் முடுக்கியதாலேயே கவிழ்ந்த விமானங்கள் உண்டு. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மா அப்போதுதான் கரும்பு வெட்டிவிட்டு வந்து சுவரில் சாய்ந்திருந்தார்.

இப்போது சனி, ஞாயிறுகளில் உளுந்தூர்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்த இரண்டு நாட்களும் அம்மா வெட்டுக்குப் போவதில்லை.