பழியை அக்கா மேல் போட்டேன்

என் குறும்படத்தில் முக்கியமான காட்சி ஒன்று பிசகிவிட்டது. பிசகியதற்குக் காரணம் நான். ஆனால் திரையிடலில் நாலு பேர் முன்னால் அந்தப் பழியை நடித்த அக்கா மேல் போட்டேன்.

தனியாக வாழும் ஒரு பெண்ணின் சாப்பாட்டு மேசையில், ராத்திரியானால் ஒரு பொம்மை எழுந்து நடக்கும். இதுதான் கதை. பெண் நிஜ ஆள், பொம்மை ஸ்டாப் மோஷன். அலுமினியக் கம்பியை முறுக்கி எலும்புபோல் வைத்து, மேலே கிளே அப்பி நானே செய்த பொம்மை. அதை மயிரிழை நகர்த்த வேண்டும், கையை எடுக்க வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும், மறுபடி நகர்த்த வேண்டும். ஒரு நொடிக்கு 12 படம். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் விளக்கு லேசாக மங்கும். ஓட்டிப் பார்க்கும்போது அந்த இடம் துடிக்கும். அதனால் ஊர் அடங்கிய பிறகுதான் வேலை. பொம்மை தலை நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்க்கும் இடத்தைத் திருப்தி வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்தேன். அந்தப் பொறுமையில் கால்வாசிகூட அக்காவிடம் காட்டவில்லை.

அவர் வீதி நாடகங்களில் பல வருஷம் நடித்தவர். படப்பிடிப்பன்று அவர் எதிரில் இருந்தது வெறும் மேசை. "தம்பி, அது எங்க நிக்கும்? எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டார். "சும்மா அந்தப் பக்கம் பாருங்கக்கா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன். சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அவர் மறுபடி கேட்டபோது எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

எடிட்டிங்கில் இரண்டையும் சேர்த்தபோது தெரிந்துவிட்டது. பொம்மை அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அவர் பார்வை அதைத் தாண்டிப் பின்சுவரில் நிற்கிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது இரண்டு கருவிழிகளும் கொஞ்சம் மூக்குப் பக்கம் ஒதுங்கும். சுவரைப் பார்க்கிற கண்ணில் அது இருக்காது. காரணம் தெரியாத பார்வையாளர்கூட, இவர் பொம்மையைப் பார்க்கவில்லை என்பதை உடனே கண்டுகொள்வார்.

எனக்கு இது தெரியாத சங்கதி இல்லை. 1963-இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகளோடு மூன்று பேர் வாள் சண்டை போடுவார்கள். எலும்புக்கூடுகளின் இடத்தில் முதலில் ஸ்டண்ட் ஆட்களை நிறுத்தி நடிகர்களுக்கு ஒத்திகை கொடுத்தார்கள். வீச்சும் பார்வையும் பழகிய பிறகு அந்த ஆட்களை விலக்கிவிட்டு, நடிகர்கள் காற்றோடு மோதுவதைப் படமாக்கினார்கள். ஸ்டாப் மோஷன் கலைஞர் ரே ஹாரிஹவுசன் அந்தப் பிலிமை எலும்புக்கூட்டுப் பொம்மைக்குப் பின்னால் ஒவ்வொரு ஃபிரேமாகத் திரையில் விழவைத்து, நடிகரின் வாள் போகிற இடத்துக்கு ஏற்பப் பொம்மையை நகர்த்தினார். சில நிமிடக் காட்சிக்கு நாலரை மாதம். மனிதர் முதலில், பொம்மை பிறகு. நண்பர்களுக்கு இதையெல்லாம் மணிக்கணக்கில் விளக்கியவன் நான். என் படத்தில் தலைகீழாகச் செய்தேன். பொம்மை அழகாக வந்துவிட்ட பூரிப்பில் அதை முதலிலேயே எடுத்து முடித்துவிட்டு, அக்கா அதற்குப் பொருந்தி நடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி மேசையில் நிறுத்தியிருந்தால் போதும். பொம்மையே பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. விளக்குச் சூட்டில் கிளே இளகிவிடும் என்று வெளியே எடுக்கவில்லை.

திரையிடல் முடிந்ததும் ஒருவர் அந்தப் பார்வையைப் பற்றிக் கேட்டார். "அவங்க மேடையில நடிச்சவங்க, கேமரா பழக்கமில்லை, கண்ணை நிறுத்த வரல" என்றேன். அக்கா அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார். "ஆமா, எனக்குத்தான் சரியா வரல" என்று எழுந்து சொன்னார். அவருடைய பெருந்தன்மைக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு நண்பர் ஒருவர் தன் படத்தில் நடிக்க அவரைக் கூப்பிட்டிருக்கிறார். "கேமரா நமக்கு ஒத்து வராதுப்பா" என்று மறுத்துவிட்டாராம். அந்தக் காட்சியை வேண்டுமானால் இன்னொரு முறை எடுத்துவிடலாம். அன்று அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் சரியான கேள்விகள், பதில் வைத்திருக்க வேண்டியவன் நான் என்பதை அவர் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் போகவில்லை.