கரும்பொருளா, கருப்பொருளா?

பிரெஞ்சில் 'மத்தியேர் நுவார்' என்று படித்தேன், தமிழில் கரும்பொருள். இரண்டு பெயரும் எனக்குச் சம்மதமில்லை. கறுப்பு ஒளியை விழுங்கும். இதுவோ ஒளியைச் சட்டையே செய்யாது. ஒரு மெய்யெழுத்தை மாற்றிக் 'கருப்பொருள்' என்றிருந்தால் பொருத்தம். காரணம் கேளுங்கள்.

பிரபஞ்சம் பிறந்து முதல் 3,80,000 ஆண்டுகள் சாதாரணப் பொருள் ஒளியோடு பின்னிக் கிடந்தது. ஈர்ப்பு உள்ளே இழுக்கும், ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளும். ஒலியைப் போல அலைபாய்ந்ததே தவிர, ஓரிடத்தில் சேரவில்லை. கரும்பொருளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அது பாட்டுக்கு மெல்லக் குவிந்துகொண்டிருந்தது. வெப்பம் தணிந்து, அணுக்கள் உண்டாகி, ஒளி பிரிந்து போனதும் சாதாரணப் பொருள் அந்தக் குவியல்களை நோக்கிச் சரிந்தது. விண்மீன் மண்டலங்கள் அங்கேதான் கருக்கொண்டன.

பேரேடு எழுதிய கை, கணக்குப் பார்க்காமல் விடுமா? 2009இல் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவிய 'பிளாங்க்' செயற்கைக்கோளின் அளவீட்டின்படி, சாதாரணப் பொருள் ஒரு பங்கு என்றால் கரும்பொருள் ஐந்து பங்குக்கும் மேல். அந்த ஆதி ஒளியில் தெரியும் ஏற்றத்தாழ்வோ லட்சத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய முதலை மட்டும் நம்பியிருந்தால், 1,380 கோடி ஆண்டுகள் கழித்தும் ஒரு விண்மீன் மண்டலம்கூடத் தேறியிருக்காது.