ஒற்றைத் தட்டுத் தராசு

ரயில் நிலையங்களில் முன்பு நின்றிருந்த எடை இயந்திரங்களை எங்கள் வயதினர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஏறி நின்று காசைப் போட்டால், வண்ண விளக்குகள் சுழன்று ஓய்ந்தபின் ஒரு சிறு அட்டை வந்து விழும். அதில் எடை இருக்கும். கூடவே நம் வருங்காலம் பற்றி ஒரு வரியும் இருக்கும். இரண்டையும் ஒரே அட்டையில் அச்சிட எண்ணியவர் மனித மனத்தை நன்கு அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். இன்று அந்த இயந்திரம் ஒரு கண்ணாடித் தட்டாகச் சுருங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது. பலன் அச்சிடப்படுவதில்லை. ஆனாலும் காலையில் தெரியும் எண்ணை அன்றைய பலனாக வாசிக்கும் பழக்கம் நம்மிடம் அப்படியே இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது மருத்துவரின் சொற்படி. எங்கள் இருவரில் ஒருவருக்கு எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.2 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை என்பது நீரிழிவின் வாசற்படி. எடை அப்போது 74 கிலோ. அமெரிக்காவில் 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வொன்றில், 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்திருந்தது. எங்கள் கணக்கில் 7 சதவீதம் என்பது 5 கிலோவுக்குச் சற்று மேல். ஆறு மாதம் பார்ப்போம், பிறகு மாத்திரையைப் பற்றிப் பேசுவோம் என்றார் மருத்துவர். இரண்டு குடும்பங்களிலும் சர்க்கரை நோயால் கால்விரலை இழந்தவர்களைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே உணவையும் நடையையும் இருவருமாகவே மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று.

ஆறு மாதத்தில் 5 கிலோ என்றால் வாரத்துக்கு 200 கிராம். நாளொன்றுக்கு 30 கிராமுக்கும் குறைவு. வீட்டுக் கருவியோ பெரும்பாலும் 100 கிராம் படிகளில்தான் எண்ணைக் காட்டுகிறது. ஒரு நாளில் உண்மையாகவே குறையும் கொழுப்பு அதன் கண்ணுக்குப் படவே படாது. மறுபுறம், ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் குடித்தால் அடுத்த கணமே 250 கிராம் கூடுகிறது. ஊறுகாயும் அப்பளமும் சற்று அதிகமானால் உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன், கிராம் ஒன்றுக்குச் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு வைத்திருக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் ஒரு கிலோ வரை ஏறி இறங்குவது இயல்பு. ஐந்து வார உழைப்பை ஒரு வேளைப் பிரியாணி மறைத்துவிட முடியும் என்பதே இதன் பொருள். மறைக்க முடியுமே தவிர அழிக்க முடியாது. இந்த வேறுபாட்டைக் காட்டும் அளவீடு ஒன்றுதான் எங்களுக்குத் தேவையாக இருந்தது.

முதலில் கருவியைச் சோதித்தோம். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமையாக்கிய துலாக்கோலுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் படிக்கல். குளியலறைத் தராசுக்கு ஒரே தட்டுதான். அதன் நான்கு கால்களில் உள்ள உலோகத் துண்டுகள் நம் பாரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகின்றன. அப்போது மாறும் மின்தடையே எண்ணாகத் தெரிகிறது. மறுபக்கத்துப் படிக்கல்லை நாம்தான் கொண்டுவர வேண்டும். 5 கிலோ அரிசிப் பை எங்கள் படிக்கல் ஆயிற்று. வெறுங்கையோடு ஒருமுறை, பையைச் சுமந்து ஒருமுறை, மறுபடி வெறுங்கையோடு ஒருமுறை ஏறி நின்றோம். வித்தியாசம் 5 கிலோவாக வந்தது. சில கருவிகள் முந்தைய எடையை நினைவில் வைத்திருந்து, சிறு மாற்றம் என்றால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். இடையில் அரிசிப் பையோடு ஏறினால் அந்தப் பாசாங்கும் கலைந்துவிடும்.

அடுத்து இடம். பெயர் குளியலறைத் தராசானாலும் நம் ஊர்க் குளியலறை அதற்கு உகந்த இடமன்று. தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள், ஈரம் வேறு. மிதியடியின் மீதும் வைக்கலாகாது. மெத்தென்ற பரப்பில் கால்கள் புதைந்து எண் பிசகுகிறது. கூடத்து மொசைக் தரையில், பீரோவின் அருகே ஓர் இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டோம். துடைப்பதற்காக நகர்த்திய நாட்களில், ஒருமுறை காலால் அழுத்திவிட்டு, அது சுழியத்துக்குத் திரும்பியபின் ஏறினோம். காலையில் எழுந்து, கழிவறை சென்று வந்து, காப்பிக்கு முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில், தட்டின் நடுவில் இரு பாதங்களையும் சமமாக ஊன்றி நிற்பது என்பது விதி.

இவ்வளவு செய்தும் எண் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கருவி பிழையற்றது, ஆடுவது உடல். பதுவா நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சாந்தோரியோ (1561–1636) பெரிய துலாக்கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, தன்னையும் தன் உணவையும் கழிவையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். உண்டதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமலேயே உடலைவிட்டு வெளியேறுகிறது என்று 1614-இல் நூலாக எழுதினார். இரவு உறக்கத்தில் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் சில நூறு கிராம் போய்விடுவதை நாங்களும் கண்டோம். அவருக்கு முப்பது ஆண்டுகள் பிடித்த பொறுமையில் ஆறு மாத அளவையாவது நாம் கடன் வாங்கலாமே என்று தோன்றியது.

பொறுமைக்கு ஒரு கணக்கு உதவிற்று. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர், 1991-இல் எழுதிய தம் உணவுக்கட்டுப்பாட்டு நூலில் சொன்ன முறை அது. நேற்றைய சராசரிக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சராசரியோடு சேர்க்க வேண்டும். சராசரி 73.4 ஆக இருக்கையில் இன்று 74.4 காட்டினால், புதிய சராசரி 73.5. ஒரு கிலோ அதிர்ச்சி 100 கிராமாக அடங்கிவிடுகிறது.

உறவினர் திருமணம் ஒன்றுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் 1.6 கிலோ ஏறியிருந்தது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. அப்படியானால் பந்தியில் 12,000 கலோரிக்கு மேல் மிகையாக உண்டிருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பந்தியில்கூட அது நடவாத காரியம். அன்று இரவு பட்டினி கிடக்கவும் இல்லை. இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று நடையைக் கைவிடவும் இல்லை. நான்காம் நாள் எண் பழைய இடத்துக்கு வந்தது. உணவுக்கட்டுப்பாடுகள் பலவும் பசியைக் காட்டிலும் இத்தகைய ஒரு காலை நேரத்தால்தான் முறிகின்றன என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

மருத்துவமனையில் நிறுத்தபோது வீட்டைவிட 1.4 கிலோ அதிகம் காட்டியது. சிற்றுண்டி, உடை, பையிலிருந்த சாவிக்கொத்து, வேறொரு கருவி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. மருத்துவர் எங்கள் நோட்டுப் புத்தகத்தையே வாங்கிப் பார்த்தார். இரு தராசுகள் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை, ஒரே தராசு தன்னோடு தான் ஒத்துப்போனால் போதும் என்பது அவர் கருத்து.

ஆறு மாத முடிவில் சராசரி 69.3, இலக்குக்கு அரைக் கிலோ மிச்சம். எச்.பி.ஏ.1.சி. 5.8. மாத்திரைப் பேச்சை இன்னும் மூன்று மாதங்களுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இன்று காலை எங்களில் ஒருவருக்கு 300 கிராம் ஏறியிருந்தது. மற்றவருக்கு 200 இறங்கியிருந்தது. இரண்டையும் அந்தந்தப் பத்தியில் எழுதிவிட்டு நடக்கக் கிளம்பினோம்.